செற்றுக்குப் பூசிய சந்தனம்

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன கிழமை உங்களில் யாரோ ஒரு படம் போட்டிருந்தீர்கள். பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. அதற்குக் கீழே ஒருவர் மாறி ஒருவராக உருகித் தள்ளியிருந்தீர்கள். என்ன காலமடா அது, அந்தப் பாட்டு இன்னும் காதுக்குள் கேட்கிறது, அந்த மனுசர் மாதிரி இனி யார் வரப்போகிறார்கள் என்றெல்லாம். ரொறன்ரோவில் இருந்து ஒருத்தி அழுகிற முகங்களை வரிசையாகப் போட்டிருந்தாள். நான் ஒன்றும் போடவில்லை. "செற்காரரின் மகள் நீ, ஏன் பேசாமல் இருக்கிறாய்?" என்று நீங்களே கேட்டீர்கள். கேட்டபடியால் எழுதுகிறேன். வாசித்து முடித்ததும் என்னைக் குழுவிலிருந்து தூக்கினாலும் எனக்குக் கவலை இல்லை.

செற் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது, உங்களுக்கு விளங்கும். ஒரு அம்பிளிபயர் பெட்டி, ஒரு மைக், இசைத்தட்டுச் சுற்றுகிற பெட்டி, ஒரு கார் பற்றறி, இரண்டு குழாய். எங்கள் தீவில் புளியங்கூடலுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் எந்த வீட்டில் கலியாணம் என்றாலும் பெண்பிள்ளை பெரிசாகிச் சாமத்தியவீடு என்றாலும் என் ஐயாதான் செற் கட்டுவார். தேவாலயத்தில் வேதக்காரரின் பெருநாளுக்கும் அவர்தான். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, சிரித்த முகம். திருவிழாவில் தொலைந்துபோன உங்களையெல்லாம் மேசையில் ஏற்றி இருத்தி, மைக்கில் பெயர் சொல்லி, தாய்மாரிடம் சேர்த்தவர். அதனால் உங்களுக்கு அவர் தங்கமான மனுசர். நான் அந்த வீட்டுக்குள் இருந்தவள்.

ஐயாவுக்குப் பந்தயம் பிடிக்கும். காசு வைத்து இல்லை, ஆசை காட்டி. ஒருமுறை என்னிடம், "விடியத் துவங்கி பொழுதுபடுமட்டும் வாய் திறக்காமல் இருந்தால் இண்டைக்கு உன்னைக் கலியாணவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் செற்றுக்குப் பக்கத்திலை இருத்துவன்" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் அடிகூட வாங்கினேன். பின்னேரம் சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறேன், கிணற்றடியில் இருந்து "பிள்ளை, வாளி எங்கை?" என்று அவர் அவசரமாகக் கூப்பிட்டார். "அங்கை துலாக்கொடியிலை ஐயா" என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். என்னை விட்டுவிட்டுத்தான் போனார்கள். அவரோடு பந்தயம் பிடித்தவர்களில் வென்றவர் யாரையும் நான் அறியேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அக்கா எனக்கு நிறைய மூத்தவள், கணிதம் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றால் சும்மா இருக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் செற்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் செற்றில் ஒரு வியாதி இருந்தது. இரண்டு மூன்று மணி நேரம் நன்றாகப் பாடும். பிறகு தொண்டை கட்டும், கரகரக்கும், படுத்துவிடும். ஐயா அதைச் சீலையில் சுற்றிக்கொண்டு ரவுணுக்கு, பட்டணத்துக்கு, பஸ் ஏறுவார். அங்கே ஒரு மெக்கானிக் செத்த டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டுப் புதிது போட்டுக் கொடுப்பான். அடுத்த கலியாணத்தில் அதுவும் சாகும். சின்ன இரும்புத் தொப்பி மாதிரி இருக்கும் அது. கீழே இரண்டு கம்பிக் கால், ஓரத்தில் இரண்டு திருகாணித் துளை. செத்ததையெல்லாம் ஐயா எறிய மாட்டார், ஒரு பால்மாத் தகரப் பேணியில் போட்டு வைப்பார். நான் அதை எடுத்து, மேலே எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டுவேன். கையில் பாரமாக, குளிர்ச்சியாக இருக்கும். கல்லை விட நன்றாக விழும்.

ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, அந்தத் தொப்பி பூட்டியிருந்த அலுமினியத் துண்டைக் காட்டினாள். மீன்செட்டை மாதிரி வரிவரியாகத் தகடுகள் நிற்கும் துண்டு. அவள் அதைச் செட்டை என்றுதான் சொல்லுவாள்.

"பாட்டு நெடுகப் பாடப் பாட இந்தத் தொப்பி சுடும். அந்தச் சூடு செட்டைக்கு இறங்கி, செட்டையாலை காத்துக்குப் போகோணும். இறங்காட்டில் தன்ரை சூட்டிலை தானே செத்திடும். இப்ப பார்."

அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, தொப்பிக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் விட்டாள். தாள் தடையில்லாமல் உள்ளே போனது. மெக்கானிக் துளை போட்டுவிட்டு, துளையைச் சுற்றி எழும்பி நின்ற பிசிரை எடுக்காமல் விட்டிருக்கிறான். தொப்பி அந்தப் பிசிரில் ஏறி நின்றது. அலுமினியத்தில் முட்டவே இல்லை.

"திருகாணியை இன்னும் இறுக்கினால் என்ன?" என்று கேட்டேன்.

"வளையும். வளைஞ்சால் இன்னும் மோசம்."

அக்கா பிசிரைச் சுரண்டி எடுத்தாள். முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உப்புத்தாளைப் பரப்பி, அலுமினியத்தை அதில் மெல்ல மெல்லத் தேய்த்தாள். கண்ணாடி மட்டமாக இருப்பதால் தேய்வதும் மட்டமாகத் தேயுமாம். அம்மா முகம் பார்க்கக் கண்ணாடி இல்லாமல் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மைக்காத் தாள், தும்பியின் செட்டையைப் போல மெல்லியது. தொப்பியின் உடம்பிலேயே மின்சாரம் ஓடுவதால் அது நேரே அலுமினியத்தில் படக்கூடாது. மைக்கா மின்சாரத்தை மறிக்கும், சூட்டை விடும். அதற்கு இரண்டு பக்கமும் பூச ரவுணில் இருந்து ஒரு சின்னக் குழாயில் வெள்ளைப் பசை வாங்கி வந்திருந்தாள். சவர அலகின் விளிம்பால் அதை இழுத்து இழுத்துப் பூசினாள். அடியில் உள்ள பளபளப்புத் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக.

"கூடப் பூசினாலும் பிழை. இது சூடு போற பாதையில்லை, பள்ளம் நிரப்புற சாந்து" என்றாள். பிறகு இந்தத் திருகாணியில் கொஞ்சம், அந்தத் திருகாணியில் கொஞ்சம் என்று மாறி மாறி முறுக்கினாள்.

அன்று முழுநாளும் செற் எங்கள் வீட்டுக்குள் பாடியது. பக்கத்து வளவுக்காரர் வந்து சண்டை பிடிக்கும் மட்டும் பாடியது. அக்கா என் விரலைப் பிடித்துச் செட்டையில் வைத்தாள். நல்ல சூடு. "செட்டை சுட்டால் சந்தோசப்படு. தொப்பி சுட்டுச் செட்டை குளிர்ந்து கிடந்தால்தான் பயப்படோணும்" என்று சிரித்தாள். அக்கா அப்படிச் சிரித்து நான் பிறகு அதிகம் பார்க்கவில்லை.

ஐயாவுக்கு இது தெரிந்தபோது ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. அந்த நேரம் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிறவர், மனைவி செத்தவர், அக்காவை விட இருபது வயது கூட. சீதனம் வேண்டாம் என்று சொன்னதால் ஐயாவுக்கு அவரில் பெரிய மதிப்பு. அக்கா அழுதுகொண்டு போய், ரவுணில் ரேடியோ திருத்தப் படிப்பிக்கிற வகுப்பு ஒன்று இருக்கிறது, பெண்பிள்ளைகளையும் எடுக்கிறார்கள், என்னை அங்கே விடுங்கள் என்று கேட்டாள். ஐயா யோசித்தார். அவர் முகத்தில் அந்தப் பந்தயச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

"சரி. அம்மாள் கோயில் திருவிழா வருகுது. கொடியேத்தத்திலை இருந்து தீர்த்தம் முடியுமட்டும் செற் ஒருக்காலும் படுக்காமல் பாடினால் நீ ரவுணுக்குப் போ. படுத்தால் மறுகதை கதையாமல் கழுத்தை நீட்டோணும்."

"ஓம் ஐயா" என்றாள் அக்கா, உடனே. அவளுக்குத் தன் வேலையில் அவ்வளவு நம்பிக்கை. ஐயாவை அவள் என்னை விட அதிக காலம் பார்த்தவள், இருந்தும் நம்பினாள்.

கொடி ஏறியது. செற் பாடியது. காலையில் தேவாரம், பகலில் அன்னதான அறிவித்தல், இரவில் மேளக் கச்சேரி, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளால்தான். கரகரப்பு இல்லை, இருமல் இல்லை. ஊர்ச்சனம் ஐயாவிடம் "புதுச் செற்றோ?" என்று கேட்டார்கள். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டில் அக்கா ஒவ்வொரு நாளும் படுக்கப்போகும் முன் விரல் மடக்குவாள். நான் அவளுடைய உடுப்புப் பெட்டியில் எனக்கு என்னென்ன விட்டுவிட்டுப் போவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தேருக்கு முதல் நாள் மத்தியானம் மைக் வயர் ஒன்று கழன்றுவிட்டது. சனம் இல்லாத நேரம் பார்த்து ஐயா அக்காவைக் கோயில் மடத்துக்குக் கூப்பிட்டார், நானும் கூடப் போனேன். அக்கா மூடியைத் திறந்து வயரை ஒட்டிக்கொண்டிருக்கும்போது கோயில் மனேச்சர் வந்தார். எட்டிப் பார்த்தார். தொப்பியின் ஓரத்தில் கசிந்திருந்த வெள்ளை அவர் கண்ணில் பட்டது.

"உதென்ன வெள்ளையாய்?"

"சூடு கடத்துற பசை. கிறீஸ் மாதிரி ஒண்டு" என்றாள் அக்கா. அவள் உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான்.

மனேச்சர் ஐயாவின் பக்கம் திரும்பினார். "கிறீஸ் எண்டால் கொழுப்பு. ஆட்டிலையோ மாட்டிலையோ எடுத்தது எண்டு நீர் விசாரிச்சனீரோ? கொடி ஏறினால் இந்த ஊரிலை ஒரு வீட்டிலையும் மீன்சட்டி அடுப்பிலை ஏறாது. நீர் மாட்டுக் கொழுப்புப் பூசின பெட்டியை அம்மாளுக்கு முன்னாலை வைச்சுத் தேவாரம் போடுறீர்."

"இல்லை, இது மிருகக் கொழுப்பு இல்லை. மண்ணிலை இருந்து எடுக்கிற சாமானிலை செய்யிறது" என்றாள் அக்கா.

மனேச்சர் அவளைப் பார்க்கவே இல்லை. "பொம்பிளைப் பிள்ளையைக் கொண்டு தொழில் செய்யிற ஆளுக்கு உது எங்கை விளங்கப் போகுது" என்று ஐயாவிடமே சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐயாவின் முகம் கறுத்துப்போனது.

தேரன்று விடிய, மடத்தில் செற்றோடு படுத்திருந்த ஐயாவுக்கு அம்மா என்னிடம் தேத்தண்ணி கொடுத்துவிட்டாள். நான் போனபோது அவர் தோய்ந்து, ஈர வேட்டியோடு சப்பாணி கட்டி இருந்தார். முன்னால் செற் திறந்து கிடந்தது. தொப்பி கழன்று கிடந்தது. பழஞ்சீலையால் செட்டையைத் தேய்த்துத் தேய்த்து, வெள்ளைப் பசை ஒரு பொட்டும் இல்லாமல் துடைத்திருந்தார். பக்கத்தில் ஒரு வாழையிலைத் துண்டு நிறையக் கோயில் சந்தனம். அதை விரலால் வழித்து மைக்காவுக்கு இரண்டு பக்கமும் அப்பினார். தோசைக்கு மா ஊற்றுகிற தடிப்பில் அப்பினார். பிறகு தொப்பியை வைத்து முறுக்கினார். நாலு பக்கமும் சந்தனம் பிதுங்கி வந்தது.

"அம்மாளின்ரை சந்தனம். இனி ஒருத்தனும் ஒண்டும் கதைக்க ஏலாது" என்றார் என்னைப் பார்த்து. அவ்வளவு சந்தோசம் முகத்தில். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அதை நான் எங்கேயும் சொல்லுவேன். வெள்ளையாக ஒன்று இருந்த இடத்தில் மஞ்சளாக ஒன்று, அவருக்கு அவ்வளவுதான்.

"அக்காட்டைக் கேட்டனீங்களோ?"

"அவளிட்டை என்னத்தைக் கேக்கிறது? நீ போய்ச் சொன்னியோ, வாய் கிழியும்."

நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு ஓடினேன். நேரே வீட்டுக்கு ஓடி அக்காவிடம் சொன்னேன். அவள் பொங்கல் பானைக்குச் சுண்ணாம்புக் குறி போட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே எழும்பினாள். "சந்தனம் ஈரமாய் இருக்குமட்டும் தாங்கும். காய்ஞ்சால் வெறும் மண். எவ்வளவு தடிப்பாய்ப் பூசினவர்?" என்று கேட்டாள். நான் விரலைக் காட்டினேன். அவள் சுண்ணாம்புக் கையோடு பாதையில் இறங்கி ஓடினாள்.

நாங்கள் போகும்போது வசந்தமண்டபப் பூசை முடிந்துவிட்டது. செற் உச்சக் குரலில் பாடிக்கொண்டிருந்தது. வீதி நிறையச் சனம், சுட்டெரிக்கிற வெயில். அக்கா ஆண்களுக்குள்ளால் இடித்துக்கொண்டு மடத்து வாசலுக்குப் போய்விட்டாள்.

"ஐயா, ஒருக்கா நிப்பாட்டுங்கோ. கொஞ்ச நேரம் போதும். நான் துடைச்சுப் பூசித் தாறன்."

"தேர் வெளிக்கிடேக்கை செற்றை நிப்பாட்டுறதோ?"

"ஐயா, எரியப் போகுது. அந்தச் சந்தனம்..."

ஐயா அவளுடைய கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினார். சிரித்துக்கொண்டுதான் தள்ளினார், நாலு பேர் பார்க்கிறார்கள் அல்லவா. "தோக்கப் போறாய் எண்டு பயம் வந்திட்டுதோ? போ, பொம்பிளையளோடை போய் நில்."

அக்கா போய்ப் பெண்களோடு நின்றாள். நான் அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேர் அசைந்தது. மனேச்சர் மைக்கைப் பிடித்து வடம் இழுக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: வலப்பக்கம் இழுங்கோ, இடப்பக்கம் பொறுங்கோ, முட்டுக்கட்டை போடுங்கோ. அந்தக் குரலைக் கேட்டுத்தான் வடத்தின் அந்தத் தொங்கல் முனையில் நிற்கிற சனம் இழுக்கும். தேர் தெற்கு வீதிக்குத் திரும்பியது.

அப்போது சந்தன வாசம் வந்தது. முதலில் மெல்லிசாக. பிறகு மூக்கை நிறைக்கிற மாதிரி. எங்கே இருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் கைகளைத் தலைக்குமேல் கூப்பி, "அம்மாள் வந்திட்டா!" என்று கத்தினாள். உடனே எல்லாப் பெண்களும் கை கூப்பினார்கள். சிலர் விழுந்து கும்பிட்டார்கள். அரோகரா என்ற சத்தம் வீதியை நிறைத்தது. உங்களில் பலர் அங்கே நின்றீர்கள், உங்கள் தாய்மாரும் நின்றார்கள். அந்த வாசம் அம்மாளிடம் இருந்து வரவில்லை. எங்கள் செற் வெந்துகொண்டிருந்தது.

அக்கா மட்டும் கைகூப்பாமல் நின்றாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு மனுசி அதைப் பார்த்து, "பிள்ளைக்கு என்ன பக்தி!" என்று மடியில் இருந்த திருநீற்றை எடுத்து அவளுடைய நெற்றியில் அள்ளிப் பூசினாள்.

பிறகு கரகரப்பு. மனேச்சரின் குரல் தவளை மாதிரி உடைந்தது. ஒரு பெரிய உறுமல் போட்டு எல்லாம் நின்றுவிட்டது. மனேச்சர் வாயை அசைத்துக்கொண்டு நின்றார், ஒருவருக்கும் கேட்கவில்லை. பொறுங்கோ என்று சொன்னதை இடப்பக்கத்தார் கேட்கவில்லை, இழுத்துக்கொண்டே போனார்கள். தேர் சரிந்து போய்க் கிடுகு வேலியை உடைத்துக்கொண்டு ஒரு வளவுக்குள் ஏறி நின்றது. யாருக்கும் காயம் இல்லை. ஆனால் அம்மாள் வீதியை விட்டு விலகிவிட்டா என்று சனம் ஓலமிட்டது. ஊருக்குக் கெட்ட காலம் என்றார்கள். செற்காரர் வீட்டில் யாரோ மாதத் துடக்கோடு செற்றைத் தொட்டிருக்கிறார்கள் என்று பொழுதுபடமுன் எங்கள் கிணற்றடிக்கே வந்து பெண்கள் அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா அக்காவை எல்லாருக்கும் முன்னால் வைத்து நாள் விசாரித்தாள்.

அடுத்த நாள் தீர்த்தம். ரவுண் மெக்கானிக் வேறொரு செற்றோடு வந்து இறங்கினான். அவனைக் கொண்டே எங்கள் செற்றைத் திறந்து பார்க்கவேண்டும் என்று மனேச்சர் நின்றார். மடம் நிறைய ஆட்கள். அக்காவையும் கூட்டிவரச் சொன்னார்கள், தன் வேலையைத் தானே வந்து பார்க்கட்டும் என்று. பந்தயம் தோற்றதென்பது அவளுக்குத் தெரியும். ஆனால் தோற்றது தன் வேலையால் அல்ல என்பது இன்று வெளியே வரும் என்று நினைத்துத்தான் அவள் வந்தாள். வழியில் என்னிடம் அப்படிச் சொன்னாள்.

மெக்கானிக் திருகாணியைக் கழற்றித் தொப்பியை நெம்பினான். காய்ந்து கருகின மஞ்சள் பொருக்கு மேசையில் உதிர்ந்தது. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணை, இதென்ன ரான்சிஸ்ரருக்குச் சந்தனப் பொட்டு வைச்சிருக்கிறியள்! பொருக்காய்க் காய்ஞ்சு போச்சு, சூடு எங்காலை போறது? ஆர் இந்த வேலை பார்த்தது?"

எல்லாரும் சிரித்தார்கள். மனேச்சர் சிரிக்கவில்லை. "ஆர்?" என்று கேட்டார்.

நான் ஐயாவைப் பார்த்தேன். அவருக்கு அந்தக் கணம் விளங்கிவிட்டது. அது முகத்தில் தெரிந்தது. நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியது. அவர் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"சொல்லன் பிள்ளை" என்றார்.

"ஐயாதான் பூசினவர்! நான் கண்டனான்!" என்று நான் கத்தினேன். ஐயாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. காது கூவியது. தகப்பனை எதிர்த்துக் கதைக்கிற சின்னனுக்கு இது வேண்டும் என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

அக்கா மேசையில் கிடந்த பொருக்கில் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினாள். பிறகு, "ஓம், நான்தான் பூசினனான்" என்றாள்.

"படிச்ச பிள்ளையாம்" என்றார் மனேச்சர். மறுபடியும் சிரிப்பு. அன்று பிறந்ததுதான் 'சந்தன மெக்கானிக்' என்ற பெயர். அதை வைத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது குழுவில் விடிய விடியப் பூப்படத்தோடு காலை வணக்கம் போடுகிறவர்தான். அக்கா பஸ்ஸுக்கு நின்றாலும், சங்கக்கடைக்குப் போனாலும், மதகில் இருந்துகொண்டு கூப்பிட்டீர்களே, மறந்துவிட்டதா? எனக்கு மறக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று அன்று இரவு அக்காவைக் கேட்டேன். வீங்கின என் கன்னத்தில் ஈரச்சீலையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஐயாவின்ரை நெத்தித் திருநீறு வேர்வையிலை கரைஞ்சதைக் கண்டனான். நான் அவரைக் காப்பாத்தினால் அவர் என்னை விட்டிடுவார் எண்டு நினைச்சனான்."

அவள் நினைத்தது ஐயாவுக்கு விளங்கியிருக்கும். அவர் மடத்தில் இருந்து வீட்டுக்கு எங்களுக்கு முன்னால் நடந்து வந்தார், ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. வந்ததும் அம்மாவிடம், "சங்கக்கடைக்காரருக்கு ஆள் அனுப்பு" என்றார். பந்தயம் பந்தயம்தான் என்றார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டு ஓம் என்றாள்.

அக்காவின் கலியாணத்துக்கு ஐயாதான் செற் கட்டினார். மெக்கானிக் புதுச் செட்டை மாற்றி, மறுபடி பிசிரோடு பூட்டிக் கொடுத்த செற். தாலி கட்ட முன்னமே கரகரத்தது. எல்லாரும் மணவறையில் இருந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வேறு என்ன செய்வாள்.

மிச்சத்தை நீட்டி என்ன பயன்? போர் வந்து தீவை விட்டு எல்லாரும் ஓடினோம். செற் போனது, பால்மாப் பேணி போனது, வீட்டுக் கூரையும் போனது. சங்கக்கடைக்காரர் கெட்ட மனுசர் இல்லை, ஆனால் அக்கா எந்த ஒரு பெட்டியையும் திறக்க விடாத மனுசர். ரேடியோ பழுதானால் புதிது வாங்குவார். அவர் செத்த பிறகு அக்கா தீவுக்குத் திரும்பி வந்து சின்ன வீடொன்று கட்டினாள். அம்மாவும் அதற்கு முன்னமே செத்துவிட்டாள். ஐயாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக் கை கால் விழுந்தபோது பார்க்க வேறு ஆள் இல்லை. நான் கொழும்பில். அக்காதான் தூக்கினாள், துடைத்தாள், ஊட்டினாள், ஆண்டுக் கணக்கில்.

அவருடைய கடைசி வருடம் நான் பார்க்கப் போயிருந்தேன். மத்தியானம். அக்கா குசினிக்குள் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். ஐயாவுக்கு வாய் கோணினாலும் பேச்சுத் தெளிவாகத்தான் வந்தது. எங்கேயோ ஒரு கோயிலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்துவிட்டு, நான் ஒன்றும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"அண்டைக்கு அந்த மெக்கானிக் சொன்னவுடனை எனக்கு விளங்கிப்போச்சு. நான்தான் எரிச்சனான். ஆனால் அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் எண்டு சொல்லியிருந்தால் பிறகு ஆர் என்னட்டைச் செற் எடுப்பினம், சொல்லு?"

"அதை அக்காட்டை ஒருக்கா எண்டாலும் சொன்னனீங்களோ?"

"அவளுக்கு என்னத்துக்கு? எந்தக் காலத்துக் கதை. அவள் உதெல்லாம் எப்பவோ மறந்திருப்பாள்."

அக்கா வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் கஞ்சிக் கிண்ணம். கட்டிலில் இருந்தாள், ஐயாவின் தலையை நிமிர்த்தித் தலையணையை ஒதுக்கினாள், கடைவாயில் ஒழுகியிருந்ததைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். கரண்டியில் கஞ்சியை அள்ளி ஊதினாள்.

"நான் மறக்கேல்லை ஐயா" என்றாள். "வாயைத் திறவுங்கோ."

அவர் அவளையே பார்த்தார். கரண்டி அவருடைய உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அக்கா அதை எடுக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. பிறகு ஐயா வாயைத் திறந்தார்.